பாஞ்சோவின் பின்மூடி

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து மணிக்கு மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி. அதற்குள் பெண்வீட்டார் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்களா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பத்தான் செய்தார்கள், காப்பி குடிக்காமல்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். பதினான்கு மாதம் கழித்து ஊர் திரும்பியவர் அப்பாவுக்கென்று ஒரு பாஞ்சோ கொண்டுவந்திருந்தார். கஞ்சிரா மாதிரி வட்ட முகம், நீண்ட கழுத்து, ஐந்து தந்தி. கழுத்தின் உச்சியில் கழுகுப் படமும் ஓர் ஆங்கிலப் பெயரும். "அமெரிக்காவுல வாங்குனேன் அத்தான்" என்றார்.

அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா, கோயிலில் கிட்டார் வாசிப்பவர். கப்பல்காரர்கள் எந்த வாத்தியம் கொண்டுவந்தாலும் அப்பாவிடம்தான் முதலில் காட்டுவார்கள். கழுத்தைக் கண்ணருகே பிடித்துக் கோணல் பார்ப்பார். தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளை எண்ணுவார். குறைவாக இருந்தால் மட்டம். ஐந்தாம் தந்தியின் சாவி நழுவுகிறதா என்று முறுக்கிப் பார்ப்பார். கடைசியில் பின்மூடியைக் கழற்றுவார். "முன்னால ஆயிரம் பேரு போடுவான். உள்ளதான் உண்மை இருக்கும்" என்பார். மலிவுச் சாமான்களில் உள்ளே அலுமினிய வளையம் இருக்கும். அதில் பெரும்பாலும் ஜப்பான் என்று பொறித்திருக்கும். அவையெல்லாம் சிங்கப்பூர்க் கடைகளிலிருந்து வருபவை என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மாமா கொடுத்ததை மட்டும் அப்பா சோதிக்கவில்லை. அன்பாகக் கொடுத்ததைக் கழற்றிப் பார்ப்பது மரியாதையில்லை என்று விட்டுவைத்தார். நான் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருமில்லாத நேரம் திருகாணியைக் கழற்றிப் பார்த்து, மறுபடி மாட்டிவைத்தேன்.

மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா வேம்பாரிலிருந்து வந்திருந்தார். மூத்த மகளை, கப்பலில் வேலை என்று சொன்ன ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்து, அவன் கப்பலே ஏறாமல் பம்பாயில் சுற்றியவன் என்று பிறகு தெரிந்து, நொந்துபோனவர். ஆனாலும் மாமாவைப் பிடித்திருந்தது. அப்பா பாஞ்சோவில் இரண்டு வரி வாசித்ததும், "அமெரிக்காச் சாமான்னா சும்மாவா!" என்று தொடையைத் தட்டினார்.

"இது அமெரிக்கா இல்ல, ஜப்பான். உள்ள எழுதியிருக்கு" என்றேன்.

அப்பா பாராட்டுவார் என்று காத்திருந்தேன். வேம்பார்க்காரர் பின்மூடியைத் திறக்கச் சொன்னார். அப்பா திறந்தார்.

"அமெரிக்கா போனவன் ஜப்பான் சாமானையா சுமந்துட்டு வருவான்? சிங்கப்பூர்ல இதைக் கூவிக் கூவி விக்கான். அங்கயாவது போனீயளா, இல்ல பம்பாய்ச் சந்தையிலயே வாங்குனதா?" என்றார் வேம்பார்க்காரர்.

மாமா முதலில் சிரித்தார். அமெரிக்காவில்தான் வாங்கினேன் என்று மறுபடி சொன்னார். எந்தக் கப்பலில் வேலை பார்த்தார் என்று பதிந்திருக்கும் கப்பல் புத்தகத்தைக் காட்டச் சொன்னார்கள். அது பம்பாயில் ஏஜெண்டிடம் இருக்கிறது என்றார். மூத்த மருமகனும் இதே பதிலைத்தான் சொன்னானாம். வேம்பார்க்காரர் எழுந்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு அம்மா மாமாவின் முன்னால் வந்து நின்றாள். தாயில்லாத அவரை ஐந்து வயதிலிருந்து வளர்த்தவள். "சத்தியமாச் சொல்லு. நீ கப்பல்லதான் இருந்தியா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்து திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். அது எப்போதோ இறுகிவிட்டது.

அன்றைய ரயிலுக்கே மாமா கிளம்பினார். வாசலில் என் கன்னத்தைத் தட்டி, "நல்லாத்தாம்ளா பாத்திருக்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் பிறகு கடிதம் இல்லை. அம்மா பம்பாய்க்கு எழுதியவை திரும்பி வந்தன.

என் மகன் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான். போன வாரம் போனில் அவன் சொன்ன ஏதோ ஒன்று பொருந்தாமல் பட்டது. "நிஜமா அங்கதான் இருக்கியா?" என்று கேட்டுவிட்டேன். நாலு நாளாக அவன் போனை எடுக்கவில்லை. இதை எழுதி முடித்துவிடப் பார்க்கிறேன்.

மாமா போய் இரண்டு வருடம் கழித்து ஒரு பகலில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் எங்கள் வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். மாமாவோடு அந்தக் கப்பலில் இருந்தவர். அதற்குப் பிறகு வேறு கப்பலுக்குப் போய்விட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். கையில் அல்வாப் பொட்டலம். சுவரில் தொங்கிய பாஞ்சோவைக் கண்டதும் உரக்கச் சிரித்தார்.

"இதுதானா! இதை எடுக்க அமெரிக்காவுல என்னையப் பாதி நாள் கடையில நிக்க வச்சுட்டானே. அந்தக் கடையில தொங்குனது அம்புட்டும் ஜப்பான்ல செஞ்சு வந்ததுதான், பேரு மட்டும் அமெரிக்காப் பேரு. அசல் அந்த ஊரு சாமான் எங்க சம்பளத்துக்கு எட்டுமா? 'எங்க அத்தான் தொட்டவுடனே கண்டுபிடிச்சிருவாரு, ஆனா கழுத்து நேரா இருந்தா மன்னிச்சிருவாரு'ன்னு சொல்லிட்டே ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தான்."

அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போனார். அம்மா கதவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள். ஜப்பான் என்று நான் சொன்னது சரிதானே, பிறகு ஏன் அழுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வந்தவர் எதுவும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீட்டின் உள்பக்கம் எட்டிப் பார்த்தபடி சொன்னார்:

"அவன் கல்யாணத்துக்குத்தான் வர முடியல. புள்ள பொறந்திருக்குமேன்னு வந்தேன். அக்கா, எங்க அவன்? கூப்பிடுங்க."