முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த என் மகன், லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் தன் குரலைப் பதிவு செய்த ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்பினான். காரைக்காலில் அப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் கரண்ட் இறங்கிவிடும். டேப் ரிக்கார்டர் மெதுவாகச் சுற்ற, அவன் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"என்னக்கா, புள்ள அங்க போயி குடிக்கப் பழகிட்டானா?" என்று பக்கத்து வீட்டு மேரி சிரித்தாள்.

என் வீட்டுக்காரர், கரண்டைக் கூட்டித் தரும் ஸ்டெபிலைசர் பெட்டியின் குமிழைத் திருப்பினார். அதன் வோல்டேஜ் முள் ஏற ஏறக் குரல் தெளிந்தது. இருநூற்று இருபதுக்கு வந்ததும் அது என் மகனேதான். "நல்லா இருக்கேம்மா, குளிருதான்" என்றான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையிலும் அலுப்பு.

"வோல்டேஜ் இன்னும் பத்தல" என்று அவர் மேலும் திருப்பினார். தாண்டக்கூடாது என்று கடைக்காரர் காட்டிய சிவப்புக் கோட்டை முள் தொட்டது. குரல் சுறுசுறுப்பானது. பெட்டி உறுமியது, கருகல் வாடை வந்தது.

நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. அன்று அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"போதுங்க, எரிஞ்சிடும். மெஷினு சரியாத்தான் ஓடுது. புள்ளதான் அசந்து போயிருக்கான்."

அவர் குமிழைக் குறைத்தார்.

படித்த அஞ்சாம் வகுப்பை வைத்துக்கொண்டு மறுநாள் நானே அவனுக்கு எழுதினேன்: "முடியலேன்னா வந்துடுப்பா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்."

அவன் வரவில்லை. ஆனால் அடுத்த கேசட்டிலிருந்து உள்ளதை உள்ளபடி சொன்னான். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் எனக்கு அதுதான் நிம்மதி.