அவர் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்கள்

எங்கள் நெல்லைப் பக்கத்துக்காரர் ஒருவர் சினிமாவுக்கு இசை போட்டுப் பெரிய பெயர் எடுத்திருக்கிறார். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர் அவருக்கு. சென்னைக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது என்பார்கள். பேச்சு மட்டும் போகவில்லை. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நடுவராக உட்கார்ந்துகொண்டு, எதிரே நடுங்கி நிற்கிற பிள்ளையிடம், "நல்லாத்தானே பாடுத, எதுக்கு இப்படிப் பயப்படுத?" என்று கேட்பார். அரங்கம் கைதட்டும். பாட்டுக்குத் தட்டியதை விடக் கூடுதலாகவே தட்டும். மறுநாள் அந்த வீடியோத் துண்டு எல்லோருடைய போனிலும் சுற்றும். மண் மணம் மாறாத மனிதர் என்று கீழே எழுதியிருப்பார்கள்.

எனக்கு அந்தக் கைதட்டலில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சிக்காகச் சென்னைக்குப் போயிருந்தேன். அணைக்கட்டு மதகில் நீர்மட்டம் பார்த்து எழுதும் பிரிவில் இன்றைக்கும் இருக்கிறேன், அன்றைக்கும் அதுதான். மதகை எப்படி மெதுவாக, எங்கள் பேச்சில் பைய, திறப்போம் என்று எழுந்து நின்று விளக்கினேன். பயிற்சி கொடுத்தவர் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். பிறகு பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவர்களுக்காகவும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். யாரும் என்னைக் கேவலமாகப் பேசவில்லை. அன்பாகத்தான் சிரித்தார்கள். அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை. ஊருக்குத் திரும்பியதும், மேலதிகாரிகளிடம் பேசுவதற்கென்று எந்த ஊரும் இல்லாத ஒரு தமிழைப் பழகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் அதைச் சட்டையோடு கழற்றிப் போட்டுவிடுவேன்.

என் மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. கல்லூரிக்குச் சென்னை போன ஆறு மாதத்தில் அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். போனில் நான் காத்திருக்கும்போது அறைத்தோழியிடம் "இருடி, அப்பா லைன்ல இருக்காரு" என்பாள். அடுத்த மூச்சில் என்னிடம், "என்னப்பா, சாப்டியளா? இன்னைக்கு என்ன குழம்பு?" என்பாள். ஓர் அறையிலிருந்து எழுந்து இன்னோர் அறைக்கு எனக்காக வருகிறாள் என்று தோன்றும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் கூப்பிட்ட நாட்கள் உண்டு.

என் மனைவி இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. அதற்கு முன்பும் நான் பயந்த ஆள்தான். அதற்குப் பிறகு பயம் ஒன்றுதான் வீட்டில் எனக்குத் துணை. மகளை ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிடுவேன். தண்ணீர் குடித்தாயா, இஸ்திரிப் பெட்டியை அணைத்தாயா, மழை வரும் போலிருக்கிறதே, குடை இருக்கிறதா. அவள் ஊருக்கு வருகிற நாள் என்றால் இன்னும் மோசம். ஆறு மணி ரயிலுக்கு நாலு மணிக்கே ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பேன். வெரசா கிளம்பு, வெரசா போ. என் வாயில் வேறு வார்த்தை வராது.

சென்ற ஆடி மாதம் ஒரு மத்தியானம், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். எதிர் மேஜையில் இருக்கிற முக்கூடல்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, இது ஒங்க மவதானே? கலக்குதா பாருங்க."

கல்லூரிக் கலைவிழா மேடை. என் மகள் நின்றாள். தோளில் ஒரு துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அந்த இசையமைப்பாளரைப் போல வேஷம். கச்சேரி தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கையில் அவர் தன் குழுவை எப்படி விரட்டுவார் என்பதைச் செய்து காட்டினாள். "ஏலே கீபோர்டு, கரண்டு போச்சுன்னா என்ன செய்வ? டார்ச் எடுத்து வச்சியா? வெரசா வால. ஏலே தபலா, தண்ணி குடிச்சியா? நடு மேடையில நாக்கு வறண்டா ஆரு வருவா?" என்று ஒவ்வொருவராக. ஆறு மணிக் கச்சேரிக்கு நாலு மணிக்கே மேடையில் உட்கார்ந்துவிட வேண்டுமாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் கூடிவிட்டார்கள். அப்படியே அவரு குரல்லா, அச்சு அசல் என்றார் ஒருவர்.

அது அவர் குரல் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு நெல்லைப் பேச்சு எல்லாம் ஒன்றுதான். அவர் கடற்கரை ஆள். காற்றுக்கு எதிரே நின்று கூப்பிடுகிறவரைப் போல வாக்கியத்தை வெடுக்கென்று முடிப்பார். மேடையில் கேட்ட பேச்சு சேரன்மகாதேவிப் பக்கத்துப் பேச்சு. கடைசி எழுத்தை இழுத்து, கேள்வியிலேயே பதிலுக்கும் பயந்துகொள்கிற பேச்சு. அது நான். ஒவ்வொரு வார்த்தையும் நான் அவளுக்குப் போனில் சொன்னது. பக்கத்து ஊரான முக்கூடல்காரருக்குக்கூட அது தெரியவில்லை. அவர் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடிதான் தெரிந்தது.

கடைசியாக, எல்லோரும் வந்தபின் வயலின்காரன் மட்டும் வரவில்லை. போனில் கூப்பிடுகிறாள். இத்தனை நேரம் வெரசா வெரசா என்று கத்திய ஆள், சட்டென்று குரலைத் தணித்துக்கொள்கிறார். "பைய வா. ஒண்ணும் அவசரமில்ல." அவ்வளவுதான். இருந்ததிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான் விழுந்தது. பையன்கள் நாற்காலியில் ஏறி நின்று விசில் அடித்தார்கள்.

நான் டப்பாவை மூடினேன்.

அந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். என் மனைவி காலையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கொண்டுபோகலாம் என்றார்கள். வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டேன். ரயிலில் தனியாக வரப்போகிற பிள்ளை. அம்மைக்குக் கொஞ்சம் முடியவில்லை, பைய வா, ஒன்றும் அவசரமில்லை என்றேன். அவள் பகல் ரயிலைப் பிடித்து, ராத்திரி வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தாள். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

வீடியோ பார்த்த அன்றைக்குப் பிறகு என்னால் அவளிடம் பழையபடி பேச முடியவில்லை. வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே கேட்டது. இழுப்பது கேட்டது. கடைக்காரரிடம் அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்கும்போதுகூட, இதை யாராவது சொல்லிக்காட்டிச் சிரிப்பார்களோ என்று நினைத்தேன். பிறகு கையால் காட்டி வாங்கப் பழகினேன். மதகுக்குப் போகிற நாட்கள் நிம்மதி. அங்கே அளவு பார்த்து எழுதினால் போதும், யாரிடமும் பேச வேண்டியதில்லை. வீட்டில் பேசுவதற்கு ஆள் கிடையாது. அப்படி இரண்டு மூன்று நாள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன்.

அதைவிட ஒரு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. மேடையில் அத்தனை சுத்தமாக என் பேச்சைப் பேசியவள், "சாப்டியளா" என்று என்னைக் கேட்பதும் அந்த மாதிரிதானா? எனக்காகப் போட்டுக்கொள்கிற வேஷமா? போனை வைத்த பிறகு தோழிகளிடம் திரும்பிச் சிரிப்பாளா? அவள் கூப்பிட்டால் எடுத்தேன். ஆனால் அலுவலகத் தமிழில் பேசினேன். "நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேன். சரிம்மா, வச்சிடட்டுமா?" மூன்று தடவை கூப்பிட்டவன் மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று ஆனேன். ஏம்ப்பா ஆபீசர் மாதிரி பேசுதிய என்று ஒரு நாள் கேட்டாள். தொண்டை சரியில்லை என்றேன். கஷாயம் போட்டுக் குடிக்கச் சொன்னாள்.

பிறகு ஒரு நாள், அந்த இசையமைப்பாளரே கல்லூரி ஆண்டு விழாவுக்கு வருகிறார், அவர் முன்னால் அதைச் செய்துகாட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாள். நல்லதும்மா, செய் என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

விழா காலையில் முடிந்து, மத்தியானம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டாள். நான் சேரன்மகாதேவியில் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் நன்றாகச் சிரித்தாராம். முடிந்ததும் பக்கத்தில் கூப்பிட்டு, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாராம்: "நல்லா செய்யுத தாயி. ஆனா இது நானில்ல, கேட்டியா. நாங்க கடக்கர. இது ஆத்துத் தண்ணி குடிச்ச ஆளு. யாரு இது?"

எங்க அப்பா என்றாளாம்.

அவுகளுக்குத் தெரியுமா என்று கேட்டாராம். தெரியாது என்றாளாம். அவுகள்ட்ட கேட்டுக்கிடு என்று மட்டும் சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டாராம்.

"அதான் கேக்கேன். சொல்லாம செஞ்சிட்டேன். தப்பாப்பா?"

இல்லை என்று அலுவலகத் தமிழில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால், அந்தக் கடைசி வரியை எதுக்குட்டி வச்ச என்று கேட்டுவிட்டேன். எனக்கே தெரியாமல் என் பேச்சு வந்துவிட்டது.

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் நடந்து தள்ளிப் போவது கேட்டது.

"ரயில்ல வரும்போது பூரா அது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சுப்பா. இப்பவும் கேக்கும். மேடையில சொன்னா எல்லாரும் சிரிக்காவ. சிரிக்கையில கொஞ்ச நேரம் பயமா இல்ல."

அப்போது அம்மை உயிரோடு இல்லை என்று சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து, கரையில் நின்றுகொண்டு சொன்னேன்.

"தெரியும். எப்பவும் வெரசா வான்னு சொல்லுத ஆளு பைய வான்னு சொன்னா எனக்குத் தெரியாதா? கிளம்பும்போதே தெரியும்."

பத்து மணி நேரத்துக்கு மேல் அவள் ரயிலில் அதைத் தெரிந்துகொண்டே உட்கார்ந்து வந்திருக்கிறாள். பக்கத்தில் யார் இருந்தார்கள், சாப்பிட்டாளா, அழுதாளா, ஒன்றும் நான் கேட்டதில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன்.

அந்த வரியை மட்டும் விட்டுவிடேன் என்றேன். சரி என்றாள்.

மறு மாதம் முக்கூடல்காரர் இன்னொரு வீடியோ வைத்திருந்தார். வேறு கல்லூரி, அதே வேஷம். எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். நான் வராந்தாவில் நின்றுகொண்டேன். உள்ளே சிரிப்பு வந்தது, ஏறியது, பிறகு நின்றது. முன்பு போலப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. முக்கூடல்காரர் வெளியே வந்து, கடைசியில் சப்பென்று முடித்துவிட்டாள், யாரோ மாற்றச் சொல்லிக் கெடுத்திருக்கிறார்கள் என்றார். அவருக்கு வருத்தம்தான்.

அவர் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்த வரியை அவள் வைத்திருந்த ஒரே இடத்தையும் நான் பறித்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. இனி அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம் இல்லை அது. இருந்தாலும் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னப்பா? ஏன் இந்த நேரத்துல பண்றீங்க? என்ன ஆச்சு? ஏதாவது ஆயிடுச்சா?"

முழுக்கச் சென்னைப் பேச்சு. பதறிய பிள்ளைக்கு அதுதான் வாயில் வந்தது. என்னிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி வாசலில் பதறிய எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சு வந்ததைப் போல, அவளுக்கு இப்போது அந்தப் பேச்சு வருகிறது. "சாப்டியளா" என்பதெல்லாம் எனக்காக வந்ததுதான். அது வேஷம் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவள் வீடு இனி இந்தப் பேச்சில் இல்லை என்பது தெரிந்தது.

"ஒண்ணுமில்லட்டி. சும்மாதான் கூப்பிட்டேன்."

"நிஜமா?"

அவள் மூச்சு இன்னும் வேகமாகத்தான் இருந்தது. நம்பவில்லை. நான் அப்படிச் சொல்லித்தானே ஒரு தடவை ஏமாற்றியிருக்கிறேன். வைத்துவிட மனம் வரவில்லை. என்ன பேசுவதென்றும் தெரியவில்லை. காலையில் மதகில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று சொல்ல ஆரம்பித்தேன். மேற்கே மழை பெய்வதையும், வாய்க்காலில் தண்ணீர் விட்டதையும், அக்கரை வயலில் இன்னும் நடவு முடியவில்லை என்பதையும் என் இழுப்பிலேயே சொல்லிக்கொண்டு போனேன். அவள் இடையில் ஒன்றும் பேசவில்லை. வைக்கவும் இல்லை.