கடைசிக் காம்பராவுக்கு வந்த கரண்டு

விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புச் சுவிட்ச். கம்ப்யூட்டர்ப் பெட்டியின் பின்பக்கம், வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், உள்ளே அமுங்கினாற்போல் இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் 230 என்று தெரியும். மறுபக்கம் தள்ளினால் 115. அப்படி ஒன்று இருப்பதையே பார்க்காமல் பல பேர் அந்தப் பெட்டிகளை வருடக்கணக்காகப் பாவித்திருப்பார்கள். எனக்கு மட்டும் அது கண்ணை மூடினாலும் தெரிகிறது. தெரிந்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அந்தப் பெட்டி அக்காவுடையது. மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒட்டி ஒட்டிச் சின்னச் சின்ன வீடுகளாக நீளும் லயத்தின் கடைசிக் காம்பராவில் நாங்கள் இருந்தோம். அக்கா, அவள் மகள், நான். அத்தான் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், பிறகு வரவில்லை. அக்கா கொழுந்து பறித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் தலவாக்கலையில் தமிழ் டைப்பிங் படித்தாள். அவளுக்கு முன்னால் அப்போது இரண்டே வழிதான். ஒன்று குவைத்துக்கு வீட்டு வேலை. பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்சிக்காரனிடம் இருந்தது. மற்றது ஹட்டனில் அச்சகம் வைத்திருந்தவர் சொன்ன வேலை. டியூஷன் வாத்தியார்மாருக்குப் பரீட்சைப் பேப்பர் டைப் செய்து கொடுக்க வேண்டும், வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் மாதாமாதம் தருகிறேன் என்றிருந்தார். மகளுக்கு அப்போது பால் பல் கூட விழவில்லை. அக்கா காதில் கிடந்ததைக் கழற்றினாள். ஹட்டன் கடைக்காரர் அங்கே இங்கே சாமான் சேர்த்து அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தார்.

கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெரியாத சாமான் எதைக் கண்டாலும் எனக்கு முதலில் நெருப்புத்தான் ஞாபகம் வரும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்தால் அடுத்த கூரைக்குத் தாவ எவ்வளவு நேரம்? மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தேன். அக்கா சிரித்தாள். "தண்ணிய ஊத்துனா கரண்டு மொதல்ல ஒன்னத்தான் கட்டிப் பிடிக்கும், தூக்கு அங்கிட்டு" என்றாள். தூக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றி, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எல்லாரும் வேலை விட்டு வந்த பிறகுதான் பொத்தானை அமுக்கினாள். லயமே வாசலில் நின்றது. மானிட்டர் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. பெட்டிக்குள் காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினாள். அரைச் சுற்று. பக்கத்துக் காம்பரா மாமி, "ஹட்டன் சாமானுக்கு நம்ம குளிரு ஒத்துக்கல போல, கம்பளிய மறுபடி போத்திவிடு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ஹட்டனுக்குத் திரும்பக் கொண்டுபோனோம். கடையில் வயரைச் செருகி அமுக்கினார்கள். முதல் தடவையிலேயே எழும்பியது. கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து மாலையில் போட்டால் பழையபடி அரைச் சுற்று. பெட்டியைத் திறந்தோம். மெமரியைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்துப் போட்டோம். வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினோம். ஈரமாக இருக்குமோ என்று அடுப்பங்கரையில் வைத்துக் காயவிட்டோம். எழும்பவில்லை. திரும்பவும் ஹட்டன், திரும்பவும் அங்கே எழும்பியது. கடைக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சாமான்ல கொற இல்ல தங்கச்சி. ஒங்க கரண்டுலதான் கொற. இதெல்லாம் லயத்துல வைக்கிற சாமானா?"

கரண்டில் குறை என்பது உண்மை. லயத்துக்குக் கரண்டு கொடுத்தபோது முதல் காம்பராவில் ஒரு மீட்டரை வைத்து, அங்கிருந்து நூல் மாதிரி ஒரு வயரைக் கூரைக்குக் கீழே காம்பரா காம்பராவாக இழுத்து வந்து, எங்களோடு முடித்திருந்தார்கள். மாலையில் அத்தனை பேரும் லைட்டையும் டீவியையும் போட்டால், கடைசியில் எங்களுக்கு வந்து சேர்வது மிச்சம்தான். எங்கள் பல்பு அணையப்போகிற கொள்ளி மாதிரி சிவந்து கிடக்கும். அதே நேரத்தில் எதிர் மலையில் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களா முற்றத்து விளக்குகள், புல்லுக்கும் பூவுக்கும், வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருக்கும்.

அக்கா தோட்டத்து ஆபீஸுக்குப் போய்ப் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் கேட்டாள். கூட நான் நின்றேன். வேறு வயர் ஒன்று இழுத்துத் தரச் சொல்லவில்லை. நாங்களே இழுத்துக்கொள்கிறோம், அனுமதி தாருங்கள் என்றுதான் கேட்டாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "பல்பு எரியுதா இல்லையா?" என்றார். எரியுதுங்க ஐயா என்றாள். "அப்பறம் என்ன? கம்ப்யூட்டர வச்சுக் கொழுந்தா ஆயப் போற?" பக்கத்து மேசைக்காரர் கிளுக்கென்று சிரித்தார். நான் பயந்த சுபாவம். வாயைத் திறந்தால் வேலையிலிருந்து பேர் வெட்டிவிடுவார்களோ என்று நின்றேன். அக்கா மட்டும், "இல்லைங்க, கொழுந்து ஆயாம இருக்கத்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அந்த வாரம்தான் அவள் சிவப்புச் சுவிட்சைக் கண்டாள். பெட்டியைத் திருப்பி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். பாதிக் கரண்டு ஓடுகிற நாடுகளுக்கு 115 என்று டைப்பிங் கிளாஸில் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. "நமக்கு வர்றதும் பாதிதானே தம்பி" என்றாள். கொண்டை ஊசியால் 115 பக்கம் தள்ளினாள். அமுக்கினாள். காற்றாடி முழுதாகச் சுற்றியது. திரை வெளுத்து, எழுத்து வந்து, அவள் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்தது. முதலில் மகளின் பேரை அடித்தாள். மகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. மாமி வந்து, "குளிரு விட்டுருச்சா?" என்று கேட்டுவிட்டுத் தன் பேரையும் அடிக்கச் சொன்னார்.

அதன் பிறகு வேலை விட்டு வந்து மாலை மாலையாக உட்கார்ந்து அச்சகக்காரரின் முதல் பேப்பரை அடித்தாள். விஞ்ஞானப் பேப்பர். முடிக்கக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மறுநாள் கொடுத்தாக வேண்டும். ஆகவே அன்றைக்கு மட்டும் கொழுந்து மலைக்குப் போகாமல் பகலில் வீட்டில் நின்றாள். எனக்கு லேசாகக் காய்ச்சல், நானும் இருந்தேன். லயம் வெறிச்சென்றிருந்தது. ஒரு லைட் இல்லை, ஒரு டீவி இல்லை. இழுக்க ஆளில்லாத கரண்டு அத்தனை காம்பராக்களையும் தாண்டி நேராக எங்களிடம் வந்திருக்கிறது. நாங்கள் பல்பைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பகலில் யார் பல்பு போடுவார்கள்? சுவிட்ச் இன்னும் 115 பக்கம்தான் கிடந்தது. அக்கா அமுக்கினாள். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். சிவப்புச் சுவிட்சுக்குப் பக்கத்து ஓட்டையால் புகை வந்தது. நான் வாளியைத் தூக்கிவிட்டேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு வயரைப் பிடுங்கினாள்.

எங்கள் காம்பராவுக்கு முழுக் கரண்டு வந்ததை நாங்கள் அறிந்தது அன்றைக்குத்தான்.

அடித்த பேப்பரும் உள்ளேயே போய்விட்டது. கடைக்காரர் கரிந்த நாற்றத்தை முகர்ந்துவிட்டு, சுவிட்சைத் தொடச் சொன்னது யார், இனி அது என் பொறுப்பில்லை என்றார். அச்சகக்காரர் வேலையை ஹட்டனில் வேறொருவருக்குக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஏஜென்சிக்காரனுக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை, பாஸ்போர்ட்டைத் தயாராக வைத்திருந்தான். அக்கா போனாள். மகளுக்குப் பல் விழுந்தது, முளைத்தது, அவள் வயதுக்கு வந்தது எல்லாவற்றையும் குவைத்தில் ஒரு சமையலறையில் நின்றபடி போனில் கேட்டாள். லயத்தில் சொன்னது என்ன? தெரியாத பொம்பளை தெரியாத சாமானைத் தொட்டாள், வெடித்தது. கிளாக்கர் ஐயாவும் அதையே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வயரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அது நான் தோட்டத்தை விட்டு வரும்வரை அப்படியேதான் தொங்கியது.

போன வாரம் என் மகனின் கம்ப்யூட்டர் எழும்பவில்லை. இப்போது நாங்கள் ஹட்டன் டவுனில் இருக்கிறோம். கடையில் இருந்த பெண் பழைய பவர் பெட்டியைக் கழற்றிப் புதிதை மாட்டினாள். நான் குனிந்து அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். சிவப்புச் சுவிட்சைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். "இப்ப அதெல்லாம் இல்ல அங்கிள், கொறஞ்சு வந்தாலும் கூடி வந்தாலும் அதுவே பாத்துக்கும்" என்றாள். நல்ல விஷயம்தான். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கோபமாகப் பேசிவிட்டேன் போலும், அந்தப் பெண் பயந்து பார்த்தது.

அக்கா இப்போது திரும்பிவிட்டாள், மகள் வீட்டில் இருக்கிறாள். அன்றிரவு போன் எடுத்துச் சொன்னேன். அத்தனை வருடமும் நாக்கு நுனியிலேயே வைத்திருந்த மாதிரிச் சொன்னாள்.

"நான் தப்பாத் தள்ளலடா தம்பி. அவங்க குடுத்த கரண்டுக்குச் சரியாத்தான் தள்ளுனேன்."