கற்பூரத்தில் வைத்த கை

தவமலர் சித்தி என் அம்மாவின் தங்கை. பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அங்கேயே கொழுந்து வெட்டினார், அங்கேயே விதவையானார். அடுத்த ஆண்டு ஓய்வு. ஓய்வு பெற்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். தொடர்ந்து இருக்க வேண்டுமானால் அவருக்காகத் தோட்டத்து நிர்வாகியான துரையிடம் யாராவது பேச வேண்டும். அப்படிப் பேசக்கூடியவர் ஒருவர்தான்: கங்காணியும் கோயில் தலைவருமான வேலப்பன்.

தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மாரியம்மனுக்குப் பூசை முடிந்ததும் வேலப்பன் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்த பழைய வேட்பாளருக்கே ஓட்டு என்று ஒவ்வொருவரும் அதன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் தோட்டத்தில் இது பழகிப்போன ஒன்று.

“அந்தக் கூரைதான் மழைக்கு ஒழுகுதே, தலைவரே” என்றார் பின்னால் நின்ற சிங்காரம்.

“ஒழுகுறது உன் வாய்தான்லா!”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வரிசையில் போய்க் கைவைத்தார்கள். சித்தியும் வைத்தார்.

ஆனால் அந்த வேட்பாளரைச் சித்திக்குப் பிடிக்காது. தோட்டத்து மக்களுக்குச் சொந்த வீடு என்று சொல்லி ஜெயித்தவர், பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. எதிர்த்து நின்றவருக்குத்தான் சித்தி போட நினைத்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. அதுவும் அரசியல் படித்தவள். எனக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை.

“சித்தி, ஓட்டு ரகசியம். யாருக்குப் போட்டீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

“ஆத்தாளுக்குமாடி தெரியாது?”

“பயமுறுத்தி வாங்குன சத்தியம் செல்லாது.”

“என் கையை யாரும் புடிச்சு வைக்கலியே. நானாத்தானே வெச்சேன்? அவனுக்குப் போட்டா இந்த லயத்துக்கே துரோகம். போடலைன்னா ஆத்தாளுக்கு. பேசாம போகாமலே இருந்துரலாமான்னு பாக்குறேன்.”

“போகாட்டியும் லாபம் அவருக்குத்தான்.”

சித்திக்கு இருந்த ஒரு வழியையும் நான்தான் அடைத்தேன். கோலாலம்பூரில் வாடகை அறையில் இருக்கும் எனக்கு இதைச் சொல்ல என்ன உரிமை என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை.

சித்தி தமிழ்ப்பள்ளிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழையவரே ஜெயித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூவோடு கோயிலுக்குப் போனோம். வாசலில் சித்தி நின்றுவிட்டார்.

“நீ கொண்டுபோய்க் குடு. நான் இங்கருந்தே கும்புட்டுக்கறேன்.”

“உள்ள வாங்க சித்தி. வெளிய நின்னா வேலப்பன் கண்டுபுடிச்சிருவாரு. வீடு போயிரும்.”

“போட்டது தப்புன்னு சொல்லலடி. ஆனா சொல்லை மீறிட்டு ஆத்தா முகத்துல எப்புடி முழிப்பேன்?”

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. அதற்குள் விபூதித் தட்டோடு வேலப்பன் வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஏன் தவமலரு, அங்கயே நின்னுட்ட?”

“சித்திக்குக் கால் வலி, படி ஏற முடியல” என்று முந்திக்கொண்டேன்.

சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

“காலு நல்லாத்தான் இருக்குண்ணே” என்றார்.