ஈரக் கையோடு கேட்டவர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்பத்தூரில் ரயிலுக்காக நின்றிருந்தபோது சபூரா அக்காவின் எண்ணிலிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது. முந்தைய நாள் அவருக்கு அனுப்பிய பாட்காஸ்டின் புதிய எபிசோடில் ஏதோ குறை சொல்லப்போகிறார் என்று நினைத்துப் பேனாவை எடுத்துக்கொண்டேன். பேசியது அவருடைய தம்பி. "அக்கா மவுத்தாயிட்டாங்கமா. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. சாயந்திரம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறோம்." பேனாவைப் பிடித்தபடியே அதை இரண்டு முறை கேட்டேன். அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று.

எங்கள் புத்தகப் பாட்காஸ்டைக் கேட்பவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆனால் ஆவடி ரயிலில், இயர்போன் மாட்டியிருந்த உங்கள் தோளைத் தட்டி, "நேத்து எபிசோட எந்த எடத்துல நிறுத்துனீங்க?" என்று ஒரு பெண் கேட்டிருந்தால் அது அவர்தான். பிடித்ததா என்று மட்டும் கேட்கவே மாட்டார். "புடிச்சுதான்னா மரியாதைக்கு ஆமாம்பாங்க. எங்க நிறுத்துனீங்கன்னா யோசிச்சி உண்மைய சொல்வாங்க" என்பார்.

தொழிற்பேட்டையில் ஏற்றுமதிச் சட்டைகளைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு குறையோடுதான் எனக்கு அறிமுகமானார். "எங்க அத்தா புக்கு புக்கா படிச்ச மனுசன். சக்கரைல கண்ணு போயிடுச்சி. நீ பேசுறத போட்டா பாதியில தூங்கிடுறாரு. இன்னா பண்லாம்?" நான் அக்கறையாகப் பதில் எழுதினேன். உடனே அடுத்த செய்தி வந்தது: "பதிலே இவ்ளோ நீளமா கீதே."

அன்றிலிருந்து ஒவ்வொரு எபிசோடும் வெளியாகும் முன் அவரிடம் போனது. சோதிக்கும் முறையை அவரே வகுத்துக்கொண்டார். அத்தா என்று அவர் அழைத்த அப்பாவால் திரையில் எந்தப் பொத்தானையும் தேடி அழுத்த முடியாது. ஆகவே தானும் அலைபேசியைத் தொடாமல் கேட்க முடிய வேண்டும். அதை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து பாத்திரம் துலக்குவார். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ எத்தனை முறை கையைத் துடைக்க வேண்டியிருந்தது என்று எண்ணுவார். அந்த எண்தான் எனக்கான மதிப்பெண். ஒரு மொழிபெயர்ப்பாளரோடு நான் பேசிய எபிசோடுக்கு வந்த தீர்ப்பு இது: "ஒம்போது வாட்டி தொடச்சேன். அந்தம்மா ரகசியம் பேசுறாங்க, நீ மைக்செட்டு கட்டிகினு பேசுற." கதவைச் சாத்திக்கொண்டு விலையுயர்ந்த ஹெட்போனில் கேட்டிருந்த எனக்கு அது தெரியவே இல்லை.

தண்ணீர்ச் சத்தம் எந்த எழுத்தை முதலில் விழுங்கும் என்று எங்கள் இருவருக்கும் ஆவல் வந்தது. ஒரு ஞாயிறு, பூந்தமல்லியில் அவர் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு, நான் கூடத்திலிருந்து சொற்களாகப் படித்தேன். காதில் விழுந்ததை அவர் திருப்பிச் சொன்னார். முதலில் காணாமற்போனது 'ச'. "எம் பேர்லயே ஓட்டையா?" என்று சிரித்தார். குழாயை நிறுத்தச் சொல்லி அத்தா உள்ளிருந்து சத்தம் போட்டார்.

சண்டையும் போட்டிருக்கிறோம். எபிசோடைப் புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு வரியோடு தொடங்குவது எனக்குப் பிடிக்கும். எதைப் பற்றி, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் சொல்ல மாட்டேன்.

"எங்க போவுது, எப்ப எறக்கிவுடும்னு தெரியாம எவன் பஸ்ல ஏறுவான்?"

"புத்தகம் அப்படித்தானே அக்கா?"

"புக்குல இன்னும் எத்தினி பக்கம் கீதுன்னு கை சொல்லுது. அத்தா கையில இன்னா கீது, சொல்லு."

ஒரு வாரம் கோபமாக இருந்தேன். பிறகு வந்த எல்லா எபிசோடுகளும் தலைப்பையும் நேரத்தையும் சொல்லியே தொடங்கின.

அவர் போய்ப் பத்து நாள் கழித்து, பாட்காஸ்டை நிறுத்திவிடப் போகிறேன் என்று அத்தாவிடம் சொல்லப் பூந்தமல்லிக்குப் போனேன். இனி யாருக்கு அனுப்பிக் கேட்பது? என் காதை நான் நம்பவில்லை. செருப்பைக் கழற்றும்போதே அக்காவின் தம்பியிடம் ஏதோ சொன்னேன். அத்தா திரும்பினார்.

"கொரலு தெரியுது. வாமா. அவளுக்கு புதுசா ஒண்ணு அனுப்பியிருந்தியாமே, கேட்டாளா?"

"தெரியலை அத்தா."

"போடு. நாம கேப்போம்."

இத்தனை வருடமாக மைக்கில் பேசிக்கொண்டிருந்தும், என் எபிசோடை ஒருவர் கேட்பதை அன்றுதான் முதன்முறையாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கேட்கும் முகம் சும்மா இருப்பதில்லை. ஒரு பெயர் வந்ததும் அவர் புருவம் ஏறியது. ஒரு நகைச்சுவைக்கு, நான் எதிர்பார்த்ததற்கு ஒரு வாக்கியம் முன்பே சிரித்துவிட்டார். பதினோராவது நிமிடத்தில், நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய பத்தி ஓடிக்கொண்டிருந்தபோது, தலையைச் சன்னல் பக்கம் திருப்பி, "வெளிய மழையா மா?" என்றார். மழை இல்லை. அந்தப் பத்தி மிக அழகானது என்று விளக்க வாயெடுத்தேன். பிறகு விளக்காமல், அந்த நிமிடத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அன்றே அந்தப் பத்தியை வெட்டினேன். பாட்காஸ்டை நிறுத்தும் பேச்சை எடுக்காமலே எபிசோடை வெளியிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் மாலை அத்தாவிடம் போகிறேன். அலைபேசியில் புது எபிசோடை ஓடவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி, எதையும் விளக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். பிடித்ததா என்று கேட்காமல், கவனம் எங்கே நின்றது என்று பார்க்கும் இந்த ஒன்றைத்தான் சபூரா அக்காவிடமிருந்து வைத்துக்கொண்டேன். இன்னும் எனக்கு அது சரியாக வரவில்லை.