படகுக்குத் தண்ணீரில் கண்டம்

கால்வாய்ப் படகைப் பராமரிக்கிறவன் வேலை சொல்வதற்குச் சுலபம்: தண்ணீர் படகுக்கு வெளியே இருக்க வேண்டும், குப்பை படகுக்கு உள்ளே இருக்க வேண்டும், என் அனுபவத்தில் பாதி நாள் இவை இரண்டும் இடம் மாறித்தான் இருந்தன.

அரசாங்கத்தின் பழைய சாமான்களைக் கட்டிக்கொண்டு மாரடித்த அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து ரோச்சோர் கால்வாயில் குப்பை அள்ளும் படகுக்கு நான் தச்சன். சிராங்கூன் ரோடும் ஜாலான் புசாரும் தொடங்குகிற முனையில் ஓடுகிறதே, அந்தக் கால்வாய்தான். வெள்ளைக்காரன் கல் வைத்துக் கட்டிய கரை, இரும்புப் பாலங்கள், பெயரில் கால்வாய். ஆனால் ஊரில் ஒருவர் விடாமல் அதை லோங்காங் என்றுதான் சொல்வார்கள். லோங்காங் என்றால் சாக்கடை. கடல் ஏறினால் பாலத்தில் தலை இடிக்கும், வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் மெத்தை, சைக்கிள், டுரியான் தோல் என்று அள்ளிக் கரை சேர்ப்போம்.

குங்கிலிய வாசனை

எங்கள் கொட்டகையில் மூன்று பேர். பலகை மாற்றுவது நான். பலகை இடுக்கை அடைப்பது காசிம் நானா, நாகூர்ப் பக்கத்துக்காரர். அந்தக் கடற்கரை முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். எங்களுக்கும் அவர் நானாதான். படகின் முன்னால் கொக்கிக் கழியோடு நிற்பவர் முனியாண்டி அண்ணன். தெருக் கூட்டும் பகுதியிலிருந்து மாற்றலாகி வந்தவர், வம்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு.

இடுக்கு அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். பஞ்சுத் திரியை உளியால் அடித்துத் திணித்து, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்ற வேண்டும். அந்தப் புகை எழுந்தால் தெரு முழுக்கக் கோயில் வாசனை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அர்ச்சனைத் தட்டோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா கரையில் நின்றார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முனியாண்டி அண்ணன் கொஞ்சமும் சிரிக்காமல் போய்க் கையை நீட்ட, தட்டிலிருந்து ஒரு வாழைப்பழம் கிடைத்தது. பாதி உரித்த பிறகுதான், "அம்மா, இது படகுக்கு ஓட்டை அடைக்கிற மருந்து" என்று உண்மையைச் சொன்னார். அந்த அம்மா படகைப் பார்த்தார், நானாவின் தொப்பியைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "சரி விடுங்க, கும்பிட்டத திருப்பி வாங்க முடியாது, படகு நல்லா இருக்கட்டும். அந்தப் பழத்த மட்டும் இப்படிக் குடுங்க."

கப்பலில் மாப்பிள்ளை

எனக்குப் பெண் பார்த்தது என் அக்கா. பெண்ணின் தகப்பனார் பொன்னுசாமி மாமா, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரம் தூக்கும் கும்பலுக்குத் தலைவர். அவரிடம் அக்கா, "தம்பி கப்பல் வேலையில இருக்கான்" என்று ஒரு போடு போட்டுவிட்டு வந்துவிட்டாள். துறைமுகத்துக்காரரிடம் கப்பல் கதை விடலாமா? அவர் அங்கே இருக்கிற எல்லாக் கப்பலிலும் விசாரித்திருக்கிறார். எந்தக் கப்பலிலும் நான் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் பாலத்தின் மேல் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்று என்னையே பார்த்தார். நான் இடுப்பளவு சேற்றில், தலையில் ஒரு கீரைத் தண்டோடு, படகின் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தேன். போட்டோவில் பார்த்த முகம் என்பதால் அடையாளம் தெரிந்தது. வெட்கத்தில் அப்படியே முங்கிவிடலாமா என்று இருந்தது. "இதுவும் மிதக்குது மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் இறங்கி வந்து, படகைச் சுற்றிப் பார்த்து, பலகையைத் தட்டிக் கேட்டார். பொய் சொன்ன அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படகு இருந்தால்தானே தச்சன் வேலை என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "கப்பலோ கட்டையோ, வேலை நிரந்தரமா இருந்தா பொண்ணு தர்றேன். கல்யாணம் வரைக்குமாவது இத மிதக்க விடுங்க லா, தம்பி."

நிலை நன்று, இடம் தண்ணீர்

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது புது இன்ஜினியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, யாரைக் கூப்பிட்டாலும் 'ஐசே'. ஒரு பேனாக்கத்தியை எடுத்து எங்கள் மூன்றாம் நம்பர் படகின் பலகையில் குத்தினார். மற்ற இடங்களில் குத்தியிருந்தால் கத்தி முனை உடைந்திருக்கும். அவர் குத்தியது நான் அடுத்த வாரம் மாற்ற வைத்திருந்த பலகை. கத்தி பிடி வரைக்கும் போய்விட்டது. கண்டம் என்று எழுதிக்கொண்டார். எங்கள் பகுதியில் கண்டம் என்றால் இனி உதவாது, உடைத்துப் போடு என்று அர்த்தம். 'கண்டெம்' என்கிற இங்கிலீஷ் சொல் தமிழனின் வாயில் புகுந்து அப்படி ஆகிவிட்டது. இரண்டு வாரத்தில் மறுபடி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம், அதோடு கோடரி.

இதில் எனக்குப் பயம் வந்தது வேறு காரணத்துக்கு. ஒன்றாம் நம்பர் படகு ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டது. இரண்டாம் நம்பர், நான் வேலைக்கு வருவதற்கு முன்பே ஒரு புயல் மழையில் கால்வாய் கடலில் சேருகிற இடத்தில் மூழ்கி, சேற்றில் கிடந்தது. அப்போதைய மேற்பார்வையாளர் அதை மேலே சொல்லப் பயந்து, மாதா மாதம் 'இரண்டாம் நம்பர்: நிலை நன்று, இடம் தண்ணீர்' என்று எழுதி வைத்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அதை எழுதியவன் நான். இரண்டாவது பாதி உண்மைதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். இது வெளியே வந்தால் படகும் போகும், வேலையும் போகும், பெண்ணும் போய்விடும். இன்ஜினியர் என் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு அன்பாகத்தான் சொன்னார்: "மூண்டாம் நம்பர் போனால் என்ன ஐசே, ரெண்டாம் நம்பர் நல்லா இருக்கெண்டு நீர்தானே எழுதியிருக்கிறீர். அடுத்த முறை அதை எனக்குக் காட்டும்."

பிள்ளைக்குப் பரிகாரம்

கூட்டுகிற பகுதியில் துடைப்பத்தை யாரும் கண்டம் செய்வதில்லை. அதனால் முனியாண்டி அண்ணனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரியும்: ஜாதகத்தில் உயிருக்கு வருகிற ஆபத்து. இன்ஜினியர் படகைப் பார்த்துக் கண்டம் என்று சொன்னதும், படித்த மனுஷர், கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். மறுநாள் தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அஞ்சடி என்கிற கடை வாசல் நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் ஜோசியரிடம் போய், படகைத் தண்ணீரில் இறக்கிய தேதியைப் பிறந்த தேதி என்று கொடுத்திருக்கிறார். படகு என்று சொன்னால் பார்க்க மாட்டார் என்று பயந்து, "நம்ம வீட்டுப் பிள்ளைதான் சாமி, வயித்துல கோளாறு, ராத்திரியில தண்ணி கோத்துக்குது" என்று சொன்னாராம்.

திரும்பி வரும்போது கையில் எலுமிச்சம்பழம், மிளகாய், கறுப்புக் கயிறு. படகின் மூக்கில் கட்டிவிட்டு, நாற்றமடிக்கும் சேற்றில் நின்று பயபக்தியோடு சூடம் காட்டினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் பலகை மாற்றப் படகைக் கரையில் ஏற்றியே தீர வேண்டும் என்று நானா சொன்னபோது, முனியாண்டி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி வழிந்தது. காரணம், ஜோசியர் அவரிடம் சொல்லி அனுப்பியது இது: "கண்டம் தண்ணியிலதான் இருக்கு. ரெண்டு வாரத்துக்குப் பிள்ளைய தண்ணிப் பக்கமே விடாதீங்க."

மாமாவுக்குத் தெரிந்த பாஷை

முனியாண்டி அண்ணன் வாய் ஓட்டையை எந்தக் கலப்பத்தாலும் அடைக்க முடியாது. படகுக்குக் கண்டம் என்ற செய்தி தஞ்சோங் பகார் வரைக்கும் போய்விட்டது. பொன்னுசாமி மாமா அதே குடையோடு வந்தார். நான் எலுமிச்சம்பழத்தைக் காட்டி, "சும்மா ஜோசியர் சொன்ன கண்டம் மாமா, பரிகாரம் பண்ணியாச்சு" என்று சமாளித்தேன். அவர் குடையை மடக்கினார். "தம்பி, நான் துறைமுகத்துல கிழவனானவன். அங்க ஜோசியர் யாரும் கிடையாது, ஆனா தினம் நாலு கயிறு கண்டம் ஆகுது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மூழ்கிய இரண்டாம் நம்பர், மாதா மாதம் எழுதிய பொய், இன்ஜினியர் கேட்டது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "பொண்ண வேற இடத்துல குடுங்க மாமா, நான் வருத்தப்பட மாட்டேன்" என்றும் சொன்னேன். அதுவும் பொய்தான். பொன்னுசாமி மாமா மடக்கிய குடையால் கால்வாய்ச் சேற்றைக் காட்டினார். "அவருக்கு வேண்டியது ஒரு செத்த மூணு, ஒரு நல்ல ரெண்டு, அவ்வளவுதானே. ரெண்ட தூக்கி மூணாக்கிட்டா? தூக்குறதுதானே என் தொழிலு. எத்தன பீப்பா வேணும், சொல்லுங்க!"

பீப்பாய் வேலை

எழுதிய உத்தரவைத் திருத்துவதைவிடப் படகைத் திருத்துவது சுலபம் என்பது அரசாங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். திட்டம் இதுதான். கரையில் இருக்கிற நல்ல படகுக்குப் பலகை மாற்றி, கலப்பத்து அடித்து, இரண்டு என்று எழுதிவிடுவது. சேற்றில் கிடக்கிற எலும்புக்கூட்டைத் தூக்கி, மூன்று என்று எழுதிவிடுவது.

கடல் வற்றிய காலையில் மாமாவின் ஆட்கள் நாலு பேர் வந்து, மூழ்கிய படகின் இரண்டு பக்கமும் காலி எண்ணெய்ப் பீப்பாய்களை இறுக்கிக் கட்டினார்கள். பிறகு யாரும் எதையும் தூக்கவில்லை. கரையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். கடல் ஏற ஏறப் பீப்பாய்கள் முனகின, சேறு கொப்பளித்தது, மத்தியானத்துக்குள் படகு முதுகைக் காட்டியது. உள்ளே ஒரு பெரிய விலாங்கு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நானா அந்தப் பலகையை விரலால் தொட்டார், விரல் உள்ளே போனது. "இதுக்குக் கலப்பத்து வேணாம் தம்பி, தலைமாட்டுல ஒரு கல் நட்டா போதும்."

கறுப்புப் பெயிண்ட்

இன்ஜினியர் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து தொலைத்தார். நான் அப்போதுதான் நல்ல படகின் பக்கவாட்டில் பெரிய இரண்டு ஒன்றைக் கறுப்புப் பெயிண்டில் எழுதி முடித்துத் தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பொன்னுசாமி மாமா குடையோடு ஓரமாக நின்றார். "இவர் ஆர்?" என்றார் இன்ஜினியர். பயத்தில் வாய் உளறி, "என் மாமனார்" என்றுவிட்டேன். மாமா மறுக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்குக் கல்யாணம் ஆனது போலத்தான் இருந்தது.

இன்ஜினியர் முதலில் எலும்புக்கூட்டைப் பார்த்தார். கத்தியை எடுக்கவே இல்லை. "இரண்டு கிழமையில் இவ்வளவு மோசமாகப் போச்சுதோ?" என்றார். "இதோட ஜாதகம் அப்படி, தொரை" என்று முனியாண்டி அண்ணன் முந்திக்கொண்டு சொன்னார். பிறகு நல்ல படகைச் சுற்றி வந்தார். பலகை பலகையாகக் குத்தினார். எங்கும் கத்தி இறங்கவில்லை. திருப்தியோடு படகின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு, இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு திரும்பியது. அவர் நிமிர்ந்து நடந்தபோதுதான் பார்த்தோம்: வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கத்தில், கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி நின்றது ஒரு பெரிய, கறுப்பு, ஈரமான இரண்டு.

மாமா குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். இன்ஜினியர் எங்கள் கண் போன இடத்துக்குக் கையைக் கொண்டுபோனார். விரலைப் பார்த்தார். படகைப் பார்த்தார். எலும்புக்கூட்டையும் ஒரு முறை பார்த்தார். என் வேலை, என் கல்யாணம் எல்லாம் அந்த விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட தாளை என்னிடம் நீட்டினார். "மூண்டாம் நம்பர் கண்டம் எண்டு எழுதியாச்சு, ஐசே. இந்தக் கால்சட்டையையும் அதோட சேர்த்து எழுதும்."

ஒரு படகை மிதக்க வைக்கப் பலகையும் பஞ்சும் போதும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். இன்னொரு படகு மூழ்கியிருக்க வேண்டும், ஒரு மாமனார் ஒத்துழைக்க வேண்டும், மேலதிகாரி ஒருவருக்கு நல்ல மனசும் வீட்டில் மாற்றுக் கால்சட்டையும் இருக்க வேண்டும்.