கிழியாத திரைச்சீலை

எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால ஆராதனைகளைத் திட்டமிடும் கூட்டம் பொங்கல் முடிந்து இரண்டாம் ஞாயிறு நடக்கும். நான் ஐந்தாவது படித்த வருஷம் அந்தக் கூட்டத்தில் அத்தை ஒரு யோசனை சொன்னாள். அத்தை என் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். இயேசு உயிர்விட்டதும் தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழாகக் கிழிந்ததைப் பெரிய வெள்ளியன்று வெறுமனே வாசித்துவிட்டுப் போகாமல், பீடத்துக்கு முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அந்த இடம் வந்ததும் கண்ணெதிரே கிழிய வைக்கலாம் என்றாள்.

“மூணு மணி நேரம் பேசறோம், பாதி ஜனம் தூங்கிக்கினு இருக்குது. பண்ணட்டும்பா,” என்றார் செயலாளர்.

வீட்டில் இரண்டு தறி போட்டிருந்த மூப்பர் மட்டும் கையை ஆட்டினார். “நர்ஸம்மா, பட்டுத் துணின்னு மட்டும் எங்கிட்ட வராதீங்க. இந்தப் பக்கம் ரெண்டு பேரு, அந்தப் பக்கம் ரெண்டு பேரு இழுத்தாலும் ஆள்தான் கிழிவான்.”

“கிழிக்கவே வேணாம்ணா. ஆஸ்பத்திரில தையல் பிரிக்கிறோமில்ல, அந்த மாதிரி உருவிடலாம்.”

இரண்டு பருத்தித் துணிகளை நடுவில் சேர்த்து, ஒரே பட்டு நூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டுவது. மேல்முனையில் முடிச்சுப் போடாமல் விடுவது. கீழ்முனையைப் பிடித்து இழுத்தால் நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், திரை மேலிருந்து கீழாகப் பிரிந்துகொண்டே வரும். மூப்பர் தானே துணியைக் கத்தரிப்பூ நிறத்தில் சாயம் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

அத்தையின் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போவதற்காக நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். டீ வருவதற்குள் அந்த நூலை இழுக்கப்போவது நான்தான் என்று முடிவாகிவிட்டது. அதாவது, எனக்குள் முடிவாகிவிட்டது.

லெந்தின் மூன்றாம் ஞாயிறு அத்தை பெயர்களை வாசித்தாள். நூலை இழுப்பது பெரியப்பா மகள். எனக்கு வேத வாசிப்பு.

பெரியப்பா மகள் என்னைவிட எட்டு மாதம் இளையவள், பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் இருந்தாள். ஞாயிறு பள்ளியில் கேள்வி கேட்டால் தாவணி நுனியைத் தேடுகிறவள் போலப் பாவாடையைப் பிடித்துத் திருகிக்கொண்டு நிற்பாள். பங்குனித் தேர் ஓடும் நாட்களில் பஸ் எங்கள் ஊருக்குள் வராது. பெரிய வெள்ளியும் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டியே வரும் என்பதால், பாடுகளின் வாரம் முழுக்க அவள் எங்கள் வீட்டில் தங்கினாள். அதுவரை எனக்கே சொந்தமாக இருந்த ஸ்கூட்டியின் பின்சீட் அவளுக்குப் போயிற்று. நான் முன்னால் நின்றுகொண்டு போனேன்.

“ஏன் அத்தை அவ?” என்று கேட்டேன்.

“நீதான் கணீர்னு வாசிப்பியே. அவளுக்கு வேற இன்னாம்மா குடுக்கறது?”

எனக்கு அது பதிலாகவே படவில்லை.

பெரிய வியாழன் மதியம் அத்தை திரையைக் கட்டில்மேல் விரித்துத் தைத்து முடித்துவிட்டு டியூட்டிக்குப் போனாள். பெரியப்பா மகள் பின்வாசலில் அம்மாவுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். திரையின் மேல்முனையில் நான்கு விரல் நீளத்துக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துணியின் ஓரத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். போதாது என்று தோன்றியது. ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு போட்டு, மிச்ச நூலை மடிப்புக்குள் செருகிவிட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்கு, வாசிப்பு மேடையில் நின்று, திரைச்சீலை இரண்டாகக் கிழிந்தது என்று நான்தான் கணீரென்று வாசித்தேன். கிழியவில்லை.

அவள் இழுத்தாள். திரை கீழிருந்து சுருங்கி மேலே ஏறியது. மறுபடி இழுத்தாள். நூலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிவதும், ஆள்காட்டி விரலில் பட்டு நூல் சிவப்பாக ஒரு கோடு போடுவதும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. விட்டுவிடுவாள் என்று காத்திருந்தேன். விடவில்லை. திடீரென்று மேலே சர்ரென்று ஒரு சத்தம். முடிச்சு துணியைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. திரை நிஜமாகவே கிழிந்து, பிறகு கீழ்வரைக்கும் பிரிந்து விழுந்தது. பின்னால் மரச்சிலுவை மட்டும் நின்றது.

பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள். ஆயர் பிரசங்கக் குறிப்பை மடித்து வைத்துவிட்டு முழங்காலில் நின்றார்.

வெளியே செருப்பு மாட்டும்போது மூப்பர் அத்தையைப் பிடித்துக்கொண்டார். “சட்டுனு வந்திருந்தா இன்னா இருக்குது? அந்தப் பொண்ணு இழுத்த இழுப்புல எனக்கு ஈரக்குலையே ஆடிப்போச்சு. எப்படிம்மா யோசிச்ச?”

அத்தை உள்ளே போய், உருவி வந்த நூலின் முனையைத் தூக்கிப் பார்த்தாள். திரையைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்குப் பெரியப்பா மகள் விரலில் பிளாஸ்திரியோடு வந்தாள். “எங்க, காட்டு கண்ணு,” என்று ஒவ்வொரு ஆன்ட்டியும் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். இயேசு உயிர்த்தெழுந்த நாளில் நான் பொறாமைப்பட்டது அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்துத்தான்.

அடுத்த வருஷக் கூட்டத்தில் விவாதமே நடக்கவில்லை. போன வருஷம் மாதிரியே, அதே பெண், அதே மாதிரி கஷ்டப்பட்டுக் கிழிக்க வேண்டும் என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். மூப்பர் புதுத் துணி கொடுத்தார். பெரிய வியாழன் மதியம் அத்தை கட்டில்மேல் அதைத் தைத்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“மேல முடிச்சு நீ போட்ரும்மா. போன தடவை மாதிரி, நாலு.”

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இழுப்பது இந்த வருஷமும் அவள், எனக்கு வெறும் முடிச்சா? அந்த ஆத்திரத்தில் நான்கையும் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு, அத்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போனேன். போன தடவை நான்கு என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று யோசிக்க அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.